ஒன்றுகள் ஸ்டேஷன்

நாலாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க இசக்கிசெல்வி போடாத வேஷம் இல்லை. கூட்டலுக்குப் பாட்டுக் கட்டினாள். பாட்டு மனப்பாடம் ஆனது, கூட்டல் ஆகவில்லை. புளியங்கொட்டையைக் குவித்து எண்ணச் சொன்னாள். மறுநாள் பாதிக் கொட்டை வறுபட்டு வயிற்றுக்குள் போயிருந்தது. காலி பிஸ்கட் உறைகளை அடுக்கிக் கடை வைத்தாள். எல்லாரும் கடைக்காரராகத்தான் இருப்போம் என்று அடித்துக்கொண்டதில் வாங்க ஆளில்லை. தரையில் சாக்பீஸால் பரமபதம் வரைந்தாள். பாம்பு கடித்தவன் அழுதான், ஏணியில் ஏறியவன் கணக்குப் போடாமலேயே ஏறிப் போய்விட்டான். அறக்கட்டளை கொடுத்த பெட்டியில் ஒரு மணிச்சட்டம் இருந்தது. டெனிசன் அதற்குச் சக்கரம் மாட்டி டிரெய்லர் லாரி ஆக்கினான். லாரி நன்றாகத்தான் ஓடியது.

அது ஒரகடம் பக்கத்தில் ஒரு அரசு தொடக்கப்பள்ளி. இசக்கிசெல்வி அரசு ஆசிரியை அல்ல. ஒரு கம்பெனியின் அறக்கட்டளை, கணக்கில் பிள்ளைகளுக்கு ஆர்வம் உண்டாக்குவதற்கென்று ஒரு வருஷத்துக்கு அமர்த்திய ஆள். ஏப்ரலோடு கெடு முடிகிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, வடக்குப்பட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். புருஷன் அருள்பாண்டி காண்ட்ராக்ட் தொழிலாளி. பதினோரு மாதம் முடிந்ததும் அவனுக்கு ‘பிரேக்’ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடுவோம் என்று சொன்னவர்கள் ஜனவரி போய்ப் பிப்ரவரி வந்தும் கூப்பிடவில்லை. ஆக, இப்போதைக்கு அந்த வீட்டில் உலை கொதிப்பது செல்வியின் வேலையால்தான். அது போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லைன் விளையாட்டு வந்தது தற்செயலாகத்தான். நவம்பரில் ஒருநாள் நோட்டுகளை வரிசையாகக் கைமாற்றிக் கொடுக்கச் சொன்னாள். கடைசி பெஞ்சு ஜோஸ்லின் சிரித்தாள்.

“டீச்சர், இது லைன் மாரியே கீது டீச்சர்.”

“என்ன லைனு?”

கேட்டதுதான் தாமதம். கூட்டல் வாய்ப்பாட்டுக்கு வாயே திறக்காத இருபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அவர்களில் பதினாறு பேருக்கு வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பிளாண்ட்டில் வேலை பார்க்கிறார்கள். டார்கெட் என்றால் என்ன, ஓட்டி என்கிற ஓவர்டைம் என்றால் என்ன, எந்த சூப்பர்வைசர் நல்லவன், எந்த பஸ் எந்த ஷிஃப்டுக்கு, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, லைன் நிற்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உடம்பு சரியில்லையென்றாலும், கையில் அடிபட்டாலும், லைன் மட்டும் நிற்கக் கூடாது.

செல்விக்குப் பொறி தட்டியது. மறுநாளே ஐந்து ஐந்து பேராக நாலு லைன் போட்டாள். முதல் ஆள் கணக்கைச் சீட்டில் எழுத வேண்டும். இரண்டாவது ஆள் ஒன்றுகளைக் கூட்ட வேண்டும். ஒன்பதுக்கு மிஞ்சினால் அந்த ‘கையில் ஒன்றை’ நிஜமாகவே ஒரு புளியங்கொட்டையாக அடுத்தவர் கையில் வைக்க வேண்டும். மூன்றாவது ஆள் பத்துகள், நாலாவது ஆள் நூறுகள். ஒவ்வொரு ஆளின் இடத்துக்கும் ஸ்டேஷன் என்று பேர். ஐந்தாவது ஆள் க்யூசி. அவனிடம் விடைத்தாள் இருக்கும்; ஒத்துப்பார்த்து டிக் போட்டுப் பெட்டியில் போடுவான். கரும்பலகையில் ஒருபக்கம் டார்கெட், மறுபக்கம் ஆக்சுவல், அதாவது முடித்த கணக்குகளின் எண்ணிக்கை.

வகுப்பு தலைகீழாக மாறிப்போயிற்று. பெல் அடிக்குமுன் வந்து உட்கார்ந்தார்கள். லாரி பார்க்க ஓடிப்போகிற டெனிசன், அப்பாவின் பழைய அடையாள அட்டைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு க்யூசியாக வந்தான். ஜோஸ்லின் ஒன்றுகள் ஸ்டேஷன். சீட்டு கைக்கு வருமுன்பே விரல்கள் துடிக்கும். எட்டும் ஏழும் என்று பார்த்த மாத்திரத்தில் ஐந்தைப் போட்டு, கொட்டையைத் தள்ளிவிடுவாள். இருபதில் ஆரம்பித்த ஆக்சுவல் ஜனவரியில் நாற்பத்து நாலைத் தொட்டது. அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் சுப்பராயன் ஓடிவந்து பார்த்தார். செல்விக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் தான் செய்த ஒரு காரியம் பலித்தது என்று அவள் நினைத்தது அன்றைக்குத்தான்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் மோகன் வந்து வீடியோ எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் போன் செய்தார்.

“மேடம், மேல வரைக்கும் போயிட்ச்சு உங்க வீடியோ. அறக்கட்டளைத் தலைவியம்மாவே வராங்க. கூடவே பன்னெண்டு ஸ்கூல் டீச்சருங்க. இது மட்டும் கரெக்டா போச்சுன்னா உங்களுக்கு மூணு வருஷத்துக்கு ஆர்டர் மேடம். பேசிட்டேன்.”

மூன்று வருஷம். அருள்பாண்டி அன்று பிரியாணி வாங்கி வந்தான்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஜோஸ்லினின் அம்மா அன்னபுஷ்பம், ஷிஃப்டு முடிந்த சீருடையோடு பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பிளாண்ட்டின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவள் மாதிரி இருந்தாள்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு கணக்குல ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிகினு கீறா. நேத்து கடைல முப்பத்தெட்டும் நாப்பத்தேழும் எவ்ளோடின்னு கேட்டேன். அஞ்சுன்றா.”

“அஞ்சா?”

“அஞ்சுன்னுட்டு கம்முனு நிக்கறா டீச்சர். இன்னாடி அஞ்சுன்னா, மிச்சம் என் ஸ்டேஷன் இல்லம்மான்றா. கடக்காரன் சிரிக்கறான். எனக்கு மானம் போச்சு. நான்தான் படிக்கல, எனக்கு ஒண்ணும் புரில. இது புதுப் பாடமா டீச்சர்?”

செல்வி ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் லைன் போடவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஒரே ஒரு கணக்கு எழுதிப்போட்டாள்: நூற்று அறுபத்தேழும் இருநூற்று ஐம்பத்தெட்டும். தனித்தனியாக உட்கார வைத்தாள்.

முதல் ஸ்டேஷன் பிள்ளைகள் கணக்கை அழகாகப் பார்த்தெழுதி, கோடு போட்டு, பேனாவை மூடி வைத்தார்கள். ஒன்றுகள் பிள்ளைகள் ஐந்தை மட்டும் போட்டார்கள். பத்துகள் பிள்ளைகளில் ஒருத்தன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எழுதலியா கண்ணப்பா?”

“யாரும் கையில ஒண்ணு தரல டீச்சர்.”

டெனிசன் தாளில் ஒன்றுமே இல்லை. “விடைத்தாள் எங்க டீச்சர்?” என்று கேட்டான்.

யாரும் அழவில்லை, யாரும் அடுத்தவனைப் பார்த்து எழுதவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. தெரியாமல் விழிக்கிற பிள்ளையின் முகம் ஆசிரியருக்குத் தெரியும். இந்த முகங்களில் அந்த விழிப்பு இல்லை. தங்கள் வேலையை முடித்துவிட்ட நிம்மதியோடு அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

இருபது தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் போனபின் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. படித்து முடித்து வேலை கிடைக்காமல், மூன்று வருஷம் அவளும் ஒரு லைனில் நின்றிருக்கிறாள். ஒரு ஓட்டையில் ஒரு ரப்பர் வளையத்தை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருநாளைக்கு இரண்டாயிரம் வளையம். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், நீங்க என்ன செய்றீங்க அக்கா என்று கேட்டபோது, ரப்பர் வைக்கிறேன் என்றுதான் சொல்லத் தெரிந்தது. அந்தப் பொருள் காரில் எங்கே போய் உட்காருகிறது என்று இன்றைக்கும் தெரியாது. அந்த இடத்தைவிட்டு ஓடிவந்து டீச்சர் ஆனவள், அதையே ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் செய்து வைத்திருக்கிறாள். அதுவும் கைதட்டிச் சிரிக்க வைத்து. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

சரி, இன்னும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, ஸ்டேஷனை மாற்றினால் போயிற்று என்று தேற்றிக்கொண்டாள். புதன்கிழமை ஜோஸ்லினை நூறுகளுக்குத் தள்ளினாள், கண்ணப்பனை ஒன்றுகளுக்கு. மற்ற லைன்களிலும் அப்படியே ஆளை மாற்றினாள். பத்து நிமிஷத்தில் நாலு லைனும் நின்றுபோயின.

“ஏய், லைன் நிக்குதுடி! போடுடி சீக்கிரம்!”

“எனக்கு இது வராது! டீச்சர், என்னை என் ஸ்டேஷனுக்கே அனுப்புங்க டீச்சர்!”

ஜோஸ்லின் விக்கி விக்கி அழுதாள். முன்பெல்லாம் கணக்கு வராததற்கு இந்த வகுப்பில் யாரும் அழுததில்லை. வராது என்பது அவர்களுக்குச் சாதாரணம். இப்போது தன்னால் லைன் நின்றது என்று அழுகிறாள். அன்றைய ஆக்சுவல் பதினொன்று. வியாழக்கிழமை ஐந்து பேர் வரவில்லை. டெனிசனை யாரோ நெடுஞ்சாலை ஓரம் லாரி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள்.

தினமும் கரும்பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். புதன்கிழமைப் படம் போய் ஐந்து நிமிஷத்தில் மோகன் கூப்பிட்டார்.

“இன்னா மேடம் ஆச்சு? நாப்பத்தி நாலு எங்க, பதினொண்ணு எங்க?”

செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். தாள்களைப் பற்றிச் சொன்னாள், அன்னபுஷ்பம் வந்ததைச் சொன்னாள். மோகன் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல.

“புரியுது மேடம். ஆனா விசிட்டுக்கு இன்னும் எட்டே நாளு. அது முடியட்டும், அப்புறம் எப்டி வேணா மாத்திக்குங்க. இப்ப மாத்தி மாட்டி வுட்றாதீங்க. என் வேலையும் இதுலதான் கீது.”

சுப்பராயன் சாரிடம் போனாள். அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பசங்க வராங்களாம்மா?”

“வாராங்க சார். ஆனா…”

“முப்பது வருஷமா நான் பாடம் நடத்தறேன், பசங்கள வர வெக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். தலை குறைஞ்சா பள்ளியைப் பக்கத்து ஊரோட சேர்த்துடுவாங்க. வர்ற பசங்கள வெரட்டிடாதம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

வீட்டில் அருள்பாண்டி தட்டின் முன் உட்கார்ந்தபடி கேட்டான். “எட்டு நாளுதானட்டி? எட்டு நாளு வாயப் பொத்திக்கிட்டு இருந்தா என்ன கொறஞ்சு போவும்?”

“புள்ளைங்களுக்குக் கூட்டத் தெரியலங்க. நான் ஏமாத்துதேன்.”

“நீ வாரதுக்கு முன்னாடி மட்டும் தெரிஞ்சுதாக்கும்?” என்றான். பிறகு, சொன்னது கடுமையாகிவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினான். “என்னைய எப்பம் கூப்புடுவானுவன்னு தெரியல செல்வி. தெரிஞ்சா நானே வேண்டாம்னு சொல்லிருவேன்.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நியாயம் வழிமறித்துக்கொண்டு நின்றது. ஆளுக்கு ஆள் சொன்னதில் பொய் இல்லை. வெள்ளிக்கிழமை ஜோஸ்லினை ஒன்றுகளுக்கே திருப்பி அனுப்பினாள். ஆக்சுவல் நாற்பத்தொன்று. டெனிசன் ஓடோடி வந்துவிட்டான். பிள்ளைகள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

விசிட் நாள். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். தலைவியம்மா கதர்ப் புடவையில், இனிமையாகச் சிரித்துக்கொண்டு வந்தார். பின்னால் பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்கள் போனை உயர்த்திப் பிடித்தபடி சுவரோரம் நின்றார்கள். செல்வி மணி அடித்தாள். சீட்டுகள் பறந்தன. கொட்டைகள் கைமாறின. அரைமணி நேரத்தில் ஐம்பத்திரண்டு! ஒரு தப்புக்கூட இல்லை. கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

“நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார் தலைவியம்மா.

மோகன் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். செல்வி எழுந்தபோது அதைத்தான் சொல்வதாக இருந்தாள். சுவரோரம் நின்ற பன்னிரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வகுப்பு இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“அம்மா, இந்தப் புள்ளைங்களுக்குக் கூட்டத் தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“நெசமாத்தான் சொல்லுதேன். தனித்தனியா ஒருத்தருக்கும் தெரியாது. ஜோஸ்லின், இங்க வா.”

ஜோஸ்லின் பெருமையாக எழுந்து வந்தாள். செல்வி பலகையில் எழுதினாள்: இருநூற்று ஐம்பத்தாறும் நூற்று முப்பத்தேழும். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தாள். அந்தச் சின்னப் பெண்ணை எல்லார் முன்னாலும் தோற்க வைக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் கொடுத்தாள். வேறு வழி தோன்றவில்லை.

ஜோஸ்லின் கண்ணிமைக்கும் நேரத்தில் மூன்று போட்டாள். போட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினாள். உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்து நீட்டினாள். யாரும் சொல்லவில்லை. கண்ணப்பன் பெஞ்சுக்கு மேலே தாவி ஓடிவந்தான், கொட்டையை வாங்கினான், ஒன்பது போட்டான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி வந்து மூன்று போட்டாள். டெனிசன் வந்து, கையில் விடைத்தாள் இல்லாததால் ஒரு நொடி தயங்கினான். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தான். தலைவியம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்ததால் டிக் போட்டுவிட்டான்.

அறையே அதிர்ந்தது. ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா! யாருமே சொல்லலை!” தலைவியம்மா செல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஒருத்தருக்கு ஒருத்தர் எப்படி ஓடி வருது பாருங்க!”

“அம்மா, அதைத்தான் சொல்லுதேன். அவளால தனியா முடியாது.”

“தனியா எதுக்கும்மா முடியணும்?” என்று கேட்டார் அவர், உண்மையான அன்போடு. “விடை சரியா வந்துச்சே.”

அங்கேயே உத்தரவு கையில் கொடுக்கப்பட்டது. மூன்று வருஷம். பன்னிரண்டு பள்ளிகளுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர். ஜூனில் தொடக்கம். இரண்டு நகலிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நாளைக்குள் மோகனிடம் கொடுக்க வேண்டும். சுப்பராயன் சார் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். மோகன் போகும்போது, “பயமுறுத்திட்டீங்களே மேடம்” என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

கார்கள் போய்விட்டன. பிள்ளைகளும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தாள். கதவோரம் ஜோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். லட்டு அப்படியே கையில் இருந்தது.

“இன்னும் போகலியா புள்ள?”

“டீச்சர்… எனக்குக் கூட்டத் தெரியாதுன்னு அவங்கள்ட்ட சொன்னீங்களே.”

பெரியவர்கள் ஒருத்தர் காதிலும் விழாதது இவள் காதில் விழுந்திருக்கிறது. செல்வி உட்கார்ந்தாள்.

“உன் தப்பு இல்லம்மா அது. டீச்சர்தான்…”

“நான் இன்னா டீச்சர் தப்பு போட்டேன்? இன்னிக்கு அம்பத்தி ரெண்டுலயும் எங்க லைன்ல ஒண்ணுகூட தப்பு வரல. டெனிசனைக் கேளுங்க. ஒருநாளுகூட என்னால லைன் நின்னதில்ல. அன்னிக்கு ஒருநாளு நின்னுச்சே, அது என் ஸ்டேஷன் இல்ல டீச்சர்.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. செல்வியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜோஸ்லின் இன்னும் நெருங்கி வந்தாள். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நாளைலர்ந்து இன்னும் ஃபாஸ்ட்டா போட்றேன் டீச்சர். எங்கப்பாவ எட்த்த மாரி என்னை மட்டும் லைன்லர்ந்து எட்த்துடாதீங்க டீச்சர்.”

செல்வி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உனக்கு முழுக் கணக்கும் சொல்லித் தருகிறேன், லைனே வேண்டாம், நாளைக்கே அதைக் கலைத்துவிடுவோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தோளில் அந்தக் குழந்தையின் மூச்சு திக்கித் திக்கி வந்தது.

“எடுக்க மாட்டேன்” என்றாள். “உன்னைய எடுக்க மாட்டேன் தாயி.”

ஜோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லட்டைக் கடித்தபடி ஓடிப்போனாள். செல்வி மேஜையில் கிடந்த உத்தரவை எடுத்து, இரண்டு நகலிலும் கையெழுத்துப் போட்டாள்.